டயர் ஆறும்வரை

நெடுஞ்சாலையிலிருந்து மலைச்சாலை பிரிகிற முனையில், பெட்ரோல் பங்க்கை ஒட்டினாற்போல ஒரு டயர் கடை இருக்கிறது. அங்கே காற்றுப் பிடிக்கிறவளுக்கு வயது நாற்பத்தெட்டு. கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்காதான். அவள் முதுகுக்குப் பின்னால் மட்டும் 'ஆறட்டும்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவளுக்கும் தெரியும்.

யாராவது வண்டியை நிறுத்தி, இறங்கின கையோடு காற்றுப் பார்க்கச் சொன்னால், அக்கா முதலில் காற்றின் அளவு காட்டும் கேஜை எடுக்க மாட்டாள். குனிந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல டயர் மேல் உள்ளங்கையை வைப்பாள். சூடாக இருந்தால் "ஆறட்டும்" என்பாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் மூன்று மணி நேரம் என்பாள். விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்பார்கள், பெரிய இடத்திலிருந்து வருகிறோம் என்பார்கள், பக்கத்துக் கடையில் இரண்டே நிமிஷத்தில் பார்க்கிறார்களே என்பார்கள். அக்கா பக்கத்துக் கடைக்கு வழி சொல்லிவிடுவாள். அதில் கோபம் எதுவும் இருக்காது. டயர் ஆபத்தாக இறங்கிக் கிடந்தால் உடனே கொஞ்சம் பிடித்து அனுப்பி, மறுநாள் காலையில் வரச் சொல்வாள். ஆனால் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கச் சொன்னால் மட்டும், யார் சொன்னாலும், தலைகீழாக நின்றாலும் நடக்காது.

இந்தப் பிடிவாதம் அவளோடு கூடப் பிறந்ததில்லை. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு பல் டாக்டரின் காரால் வந்தது.

அதற்கு முன் அக்கா பஸ் டிப்போவில் டயர் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். எண்பது பஸ். விடியற்காலையில் முதல் பஸ் கிளம்புவதற்குள் எல்லாவற்றுக்கும் காற்றுப் பார்த்துவிட வேண்டும் என்பது டிப்போவின் விதி. ஏன் விடியற்காலையில், ஏன் மத்தியானம் கூடாது என்று அவளும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. இரும்புத்தடியால் டயரில் ஒரு தட்டுத் தட்டினாலே, எழும் சத்தத்தை வைத்து எது சரி, எது சரியில்லை என்று சொல்லிவிடுவாள். டிப்போவில் வண்டி ஓட்டிய ஒருவரைத்தான் கட்டிக்கொண்டாள். அவர் பஸ்ஸுக்குக் காற்று எப்போதும் ஒரு நூல்கூடக் குறையாது என்று மற்ற டிரைவர்கள் வம்பு பேசுவார்களாம்.

பிறகு டயர் பிரிவை வெளியாளிடம் விட்டுவிட்டார்கள். அக்கா வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு, மூன்று மாதத்தில் வீட்டில் இருந்தவர்களை எல்லாம் ஒரு வழி பண்ணிவிட்டது. அந்த நேரத்தில்தான் அவள் கொழுந்தன் மலைச்சாலை முனையில் டயர் கடை போட்டான். "அண்ணி, நீங்க வந்தாத்தான் கடை" என்று கூப்பிட்டான். மறுநாளே போய் நின்றாள்.

மலைச்சாலையைப் புதிதாக அகலப்படுத்தியதும் ஸ்போர்ட்ஸ் கார்கள் வர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை காலையானால் போதும், ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு ஏறும். முதன்முதலில் அந்த டயரைப் பார்த்தபோது அக்கா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அகலம் ஒரு கைப்பிடிச் சுவர் அளவு. பக்கவாட்டில் ரப்பர் உயரம் மூன்று விரல்கூட இல்லை. பஸ் டயரில் காற்றுக் குறைந்தால் வயிறு தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இது பத்துப் பாயிண்ட் குறைந்தாலும் முகத்தில் எதையும் காட்டாது. தட்டிப் பார்த்தாலும் ஒரே சத்தம்தான். முன்சக்கரத்துக்கு ஒரு அளவு, பின்சக்கரத்துக்கு வேறு அளவு. இரண்டையும் மாற்றிப் பிடித்துவிட்டால் வளைவில் வண்டியின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். இவற்றையெல்லாம் அக்கா ஒவ்வொரு வண்டிக்காரரிடமாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எண்பது பஸ் பார்த்தவளுக்கு இது என்ன பெரிய வித்தை என்று உள்ளுக்குள் ஒரு எண்ணமும் இருந்தது.

பல் டாக்டர் வந்தது ஒரு கோடை மத்தியானம். ஒல்லியான மனிதர், நாற்பத்தைந்து இருக்கும். இருபது வருஷப் பழைய கரும்பச்சை நிற இரண்டு ஸீட்டு கார். காற்றுக் குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்கிற வசதியெல்லாம் அதில் கிடையாது. படிக்கிற காலத்திலிருந்து ஆசைப்பட்டு, தலை நரைத்த பிறகு கிடைத்த வண்டி. இறங்கியதும் அதைச் சுற்றி ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். வேறொரு கடையில் காற்றுப் பிடித்ததிலிருந்து வண்டி தவளை மாதிரி குதிக்கிறது, நடுவில் ஒரு பங்க்கில் கொஞ்சம் இறக்கியும் வெயிலில் ஓட்டினால் குதிப்பு நிற்கவில்லை என்றார்.

என்ன அளவு பிடித்தார்கள் என்று அக்கா கேட்டாள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம், அவ்வளவு பிடிக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை என்று விளக்கினாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடுகிற தூணில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் காட்டினாள். முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் முப்பத்தாறு. அதுதான் வண்டி செய்தவன் சொல்கிற அளவு.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை கடை ஏறி இறங்கியும் ஒருத்தர்கூடக் கதவைத் திறந்து பார்த்ததில்லை என்று கொழுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னார். கொழுந்தனுக்கும் பெருமை. அக்கா கேஜை வைத்துப் பார்த்தாள். முன்னால் முப்பத்தெட்டு, பின்னால் நாற்பத்திரண்டு. அந்தக் கடை பிடித்த உச்சத்திலிருந்து பங்க்கில் கொஞ்சம்தான் இறக்கியிருக்கிறார்கள், இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வால்வை அழுத்தி, ஸ்டிக்கரில் போட்டிருந்த அளவுக்குத் துல்லியமாக, முள் கோட்டின் மேல் நிற்கும்வரை இறக்கினாள். டாக்டர் ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்து, வண்டி இப்போது மெத்தை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. டாக்டர் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரட்டிக்கொண்டு வந்திருந்தார். டயர் மேல் கை வைத்திருந்தால் சுட்டிருக்கும். அக்கா கை வைக்கவில்லை. டிப்போவில் அவள் கையில் ஒருநாளும் சூடான டயர் சிக்கியதில்லை.

ஐந்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு மழை கொட்டி, வெக்கை முழுக்க அடங்கிவிட்டது. காலை எட்டு மணி போல ரெக்கவரி வண்டி ஒன்று அந்தக் கரும்பச்சைக் காரைத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கியது. மலைச்சாலையின் நாலாவது வளைவில், தேங்கியிருந்த தண்ணீரில் பின்பக்கம் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்துச் சிமெண்ட் கால்வாயில் போய் விழுந்திருக்கிறது. டாக்டருக்கு உயிருக்கு ஒன்றுமில்லை, வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது என்று ரெக்கவரி டிரைவர் சொன்னார். பல் பிடுங்குகிற கை.

மத்தியானம் இன்சூரன்ஸ் ஆள் வந்தார். படம் எடுத்தார். மழை, வேகம், வளைவு என்று மூன்று வார்த்தை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இடது முன்டயர் கால்வாய் விளிம்பில் கிழிந்துபோயிருந்தது. மற்ற மூன்றிலும் கேஜை வைத்தாள். முன்னால் இருபத்தாறு. பின்னால் இடது இருபத்தொன்பது, வலது இருபத்தேழு. கேஜைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தாள். அதேதான். கொழுந்தனின் புதுக் கேஜை எடுத்து வைத்தாள். அதுவும் அதையே சொன்னது. தான் கோடு பார்த்து நிறுத்திய முப்பத்திரண்டும் முப்பத்தாறும் எங்கே போயின? பஞ்சர் என்றால் ஒரு டயர் இறங்கும். மூன்றும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக இறங்குமா?

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கடையைத் திறந்ததும், இரவெல்லாம் நின்றிருந்த கடை வேனின் டயரில் காற்றைப் பார்த்து, அட்டையில் எழுதிக்கொண்டாள். கொழுந்தனைச் சரக்கு எடுக்க அனுப்பினாள். அவன் வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பியதும், இறங்கவிடாமல் மறுபடி கேஜை வைத்தாள். ஒவ்வொரு டயரிலும் ஐந்து பாயிண்ட் ஏறியிருந்தது. யாரும் காற்றுப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த காற்றுதான் சூட்டில் உப்பியிருந்தது. சாயங்காலம், வண்டி ஆறினபின் பார்த்தாள். பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது.

பிறகு டாக்டரின் காருக்குப் போய், கோணிக்கொண்டு நின்ற கதவை இழுத்துத் திறந்து, அந்த ஸ்டிக்கரை மறுபடி படித்தாள். எண்களுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு இது என்று அர்த்தம்.

அக்காவுக்கு எல்லாம் விளங்கியது. அன்றைக்கு அதிகமாக இருந்தது காற்றல்ல, சூடு. அவள் இறக்கிவிட்டது, வண்டிக்கு வேண்டியிருந்த நல்ல காற்றை. மழை பெய்து குளிர்ந்த காலையில் அது இன்னும் சுருங்கிப்போய், தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளித் தரையைப் பிடிக்க வேண்டிய டயர், தண்ணீர் மேல் ஏறி மிதந்திருக்கிறது.

கொழுந்தனிடம் சொன்னாள். அவன் முகம் செத்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவளை உள்ளே கூட்டிப்போனான்.

"அண்ணி, இதை என்கிட்ட சொன்னதோட விடுங்க. மழைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. டாக்டரும் ஒண்ணும் கேட்கலை. நீங்களா போய் வாயைக் கொடுத்தா நாளைக்கு இந்தக் கடைக்கு எவன் வருவான்?"

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அக்காவுக்கும் தோன்றவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கடையை நம்பித்தான் அவன் இருக்கிறான். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முழுசாகக் கேட்டார். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை.

"நாளைக்குக் காலையில எனக்கு ரெண்டாவது டிரிப்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் வரேன்" என்றார். போகலாமா வேண்டாமா என்று அவள் கேட்கவே இல்லை. அவர் பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் புருஷன் வராந்தாவில் நின்றுகொண்டார். அக்கா மட்டும் அறைக்குள் போனாள். டாக்டர் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து, கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அக்கா உட்காரவில்லை. மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். சூடான டயரில் பார்த்தது, இறக்கியது, கடை வேனில் சோதித்தது, ஸ்டிக்கரின் கீழ் வரி. ஒன்றையும் விடவில்லை.

டீச்சர் எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"இந்தக் கையாலதான் இவர் சாப்பாடு. தெரியுமா உங்களுக்கு? வெளியே போங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கதவருகே போனபோது, திரும்பாமலே சொன்னார்: "அந்த ஸ்டிக்கரை ரெண்டு வருஷமா நானும்தான் பார்த்துட்டிருந்தேன்."

அது மன்னிப்பா, சலிப்பா, வெறும் உண்மையா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. வராந்தாவில் புருஷன் காத்திருந்தார். இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தார்கள். அவர் டிப்போவுக்குப் போனார், இவள் கடைக்குப் போனாள்.

அன்றிலிருந்துதான் உள்ளங்கை வைப்பது, ஆறட்டும் என்பது எல்லாம். கொழுந்தன் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னான். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் பாதிப்பேர் பக்கத்துக் கடைக்கு மாறினார்கள். ஒரு ஆள் தன் மஞ்சள் காரை நிறுத்திவிட்டு, டயர் ஆற மூன்று மணி நேரம் காத்திருக்க இதென்ன ஜோசியக்கடையா என்று கத்திவிட்டுப் போனார். அக்கா கடை வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டாள். பகலில் முக்கால்வாசி நேரம் அவை காலியாகவே கிடந்தன.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, அந்தக் கரும்பச்சைக் கார் கடைமுன் வந்து நின்றது. புதுப் பெயிண்ட். நேர்த்தியாக வேலை பார்த்திருந்தார்கள். கொழுந்தன் அதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். கதவு திறந்து டீச்சர் இறங்கினாள். தனியாக.

அக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.  டீச்சர்தான் ஆரம்பித்தாள்.

"காத்து பார்க்கணும்."

அக்கா குனிந்து டயரைத் தொட்டாள். "சூடா இருக்கு. மூணு மணி நேரம் ஆகும்மா."

"தெரியும். பேப்பர் திருத்தக் கொண்டு வந்திருக்கேன்."

டீச்சர் ஒரு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் விடைத்தாள் கட்டை வைத்து, சிவப்புப் பேனாவை எடுத்தாள்.  அக்கா ஒரு வேனுக்குப் பஞ்சர் ஒட்டினாள். டீச்சர் தாள்களில் கோடு இழுத்துக்கொண்டே போனாள். ஒரு தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தபோதுதான் நிமிர்ந்தாள்.

"ஏன் வந்து சொன்னீங்க? சொல்லலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"வண்டி மெத்தை மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுபடியும் எங்கேயாவது போய் அப்படியே பண்ணச் சொல்லுவாரேன்னு இருந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. சொல்லாம விட்டிருந்தா, ஆறு மாசத்துல, மழைதான் காரணம்னு நானே நம்பியிருப்பேன்."

டீச்சர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உங்களை வெளியே போகச் சொன்னேன்."

"ஆமா."

"அதுக்கு மன்னிப்புக் கேட்க வரலை."

"வேண்டாம்மா."

"காத்துப் பார்க்கக் கத்துக்கணும். அதுக்குத்தான் வந்தேன். அவருக்கு மணிக்கட்டு முழுசா மடங்க மாட்டேங்குது. ரொம்ப நேரம் ஸ்டியரிங் பிடிக்க முடியலை. வண்டியை வித்துடுங்கன்னு சொன்னேன், ஒரு வாரம் யார்கிட்டயும் பேசாம இருந்தாரு. சரி, நானே ஓட்டிட்டுப் போறேன், பக்கத்துல உட்காருங்கன்னுட்டேன். ஓட்டறவங்கதானே காத்துப் பார்க்கணும்?"

டாக்டர் மறுபடி கிளினிக்குக்குப் போகத் தொடங்கியிருந்தார். பல் அடைக்கிறார், சுத்தம் செய்கிறார். பிடுங்குவதற்கு மட்டும் வேறொரு டாக்டரைக் கூப்பிட்டுக்கொள்கிறார். இதையும் டீச்சர் சொன்னாள், புலம்பலாக இல்லை, தகவலாக.

ஒரு மணிக்கு டயர் ஆறியது. அக்கா கேஜை டீச்சர் கையில் கொடுத்தாள். முதல் தடவை வால்வு மேல் சாய்வாக வைத்து, 'புஸ்' என்று காற்றுப் போய், டீச்சர் பயந்து கையை எடுத்துவிட்டாள். நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும், தயங்கினால்தான் காற்று ஓடும் என்று அக்கா காட்டிக்கொடுத்தாள். நாலாவது தடவை சரியாக வந்தது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டால் இங்கே வந்து காத்திருக்க வேண்டியதே இல்லை என்றும் சொல்லிக் கொடுத்தாள். கதவோரம் ஒளிந்து நின்ற கொழுந்தனுக்கு அது பொறுக்கவில்லை. எல்லோருக்கும் இப்படிக் கற்றுக்கொடுத்தால் நாம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பின்னால் முணுமுணுத்தான். ஆனால் ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவளைப் பார்த்து முணுமுணுத்தான்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் ஒரு நோட்டோடு வந்தாள். கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர்தான். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு வெளியே எவ்வளவு சூடு, நாலு டயரிலும் எவ்வளவு காற்று என்று கட்டம் போட்டு எழுதி, பின்பக்கத்தில் நாலு கலரில் கோடும் வரைந்திருந்தாள். வெளியே ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் காற்று ஒரு பாயிண்ட் குறைகிறது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். அக்கா பதினோரு வருஷம் டிப்போவிலும் அதன்பின் கடையிலும் பார்த்த சங்கதியை யாரும் இப்படிப் படமாகப் போட்டுக் காட்டியதில்லை. நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மூன்று கோடுகள் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின. நாலாவது, பச்சைக் கோடு, மெல்ல மெல்ல விலகிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"இது எந்த டயர்?" என்று அக்கா கேட்டாள்.

"பின்னால வலது."

அக்கா சோப்புத் தண்ணீரை எடுத்து வந்து, அந்தச் சக்கரத்தின் வால்வைச் சுற்றித் தடவினாள். சிறிது நேரத்தில், வால்வின் அடிப்பக்கத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, உடைந்து, மறுபடி எழுந்தது. வால்வின் ரப்பரை வளைத்துப் பார்த்தாள். விரிசல். புதிதில்லை. உள்ளே கறுப்பாகத் தூசி படிந்திருந்தது.

டீச்சரும் அவள் பக்கத்தில் குந்தினாள். "விபத்துக்கு முன்னாடியே இருந்திருக்குமா?"

அக்காவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த எண்கள் நினைவுக்கு வந்தன. பின்னால் இடது இருபத்தொன்பது. வலது இருபத்தேழு. இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அப்போது கால்வாயில் விழுந்த அதிர்ச்சியில் குறைந்ததென்று விட்டுவிட்டாள்.

"இருந்திருக்கலாம். விழுந்ததுல வந்ததாவும் இருக்கலாம். இப்போ யாராலயும் சொல்ல முடியாது."

"இருந்திருந்தா, முழுக்க உங்க தப்புன்னு ஆகாது."

அக்கா விரிசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருந்திருந்தா, அன்னைக்கு அதையும் நான்தானே பார்த்திருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய்ப் புது வால்வு எடுத்து வந்தாள். மற்ற மூன்றும் அதே வயதுதான் என்று நாலையும் மாற்றினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

டீச்சரின் நோட்டு விஷயம் எப்படியோ பரவியது. அவளே பரப்பியிருப்பாள் என்று கொழுந்தன் சொல்வான். டாக்டரின் கார் நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஐந்து பேர். மலைச்சாலைக்கு ஓட்ட வருகிற கும்பல் இப்போது முந்தின நாள் சாயங்காலமே வண்டிகளைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போகிறது. காலையில் வெயில் ஏறுவதற்குள் அக்கா வரிசையாகக் காற்றுப் பார்த்துவிடுகிறாள், டிப்போவில் பார்த்தது போலவே. மஞ்சள் கார்க்காரரும் வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கத்தியதை அவரும் நினைவுபடுத்தவில்லை, அக்காவும் நினைவுபடுத்தவில்லை. கொழுந்தன் நாற்காலிகளுக்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டிருக்கிறான்.

போன மாதம், டீச்சர் வழக்கம்போல வந்தவள், காரின் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "உட்காருங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள். அக்கா திகைத்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. எத்தனை ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் காற்றுப் பிடித்திருக்கிறாள். ஒன்றில்கூட ஏறி உட்கார்ந்ததில்லை. மண்டிபோட்டு வெளியே இருந்தே பார்த்த வண்டிகள். வேலை கிடக்கிறது, உடையெல்லாம் அழுக்கு, ஸீட் பாழாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னாள். டீச்சர் ஸீட் மேல் பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டாள். கொழுந்தன், "போங்க அண்ணி, கடையை நான் பார்த்துக்கறேன்" என்றான்.

நெடுஞ்சாலையில் எட்டு கிலோமீட்டர் போய்த் திரும்பினார்கள். ஸீட் அவ்வளவு தாழ்வு. தரையில் சம்மணம் போட்டபடியே யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. லாரிச் சக்கரங்கள் தலைக்கு மேல் உருண்டன. சாலையில் கிடந்த ஒவ்வொரு சின்னக் கல்லும் முதுகெலும்புக்குத் தெரிந்தது. டீச்சர் ஒருமுறை ஆக்ஸிலரேட்டரில் காலை அழுத்தினாள். அக்காவின் வயிறு பின்னாலேயே தங்கிவிட்டது. பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாமல் தன் முழங்காலையே பிடித்துக்கொண்டாள். பயமாக இருந்தது. ஆனால் நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. இடையில் ஒரு திருப்பத்தில் நாலு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியபோது, அவள் தன்னையறியாமல், "முன்னால காத்து சரியா இருக்கு" என்றாள். டீச்சர் சிரித்தாள்.

கடைமுன் வந்து நின்றதும்தான் சிக்கல். உள்ளே போன அக்காவுக்கு வெளியே வரத் தெரியவில்லை. ஒரு காலை வெளியே வைத்தாள், உடம்பு வரவில்லை. இரண்டு காலையும் வைத்தாள், இன்னும் ஆழமாகப் போய்விட்டாள். டீச்சர் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். போதவில்லை. கொழுந்தன் ஓடிவந்து மறு கையைப் பிடித்தான். நாற்காலியில் இருந்த மஞ்சள் கார்க்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அக்கா கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மேல்விளிம்பைப் பிடித்து, தலையை முதலில் வெளியே விட வேண்டும் என்று அங்கிருந்தே பாடம் எடுத்தார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க எழுந்திருக்கவே முடியவில்லை. டீச்சரும் சிரித்துப் பிடியை விட்டுவிட்டாள். ஒருவழியாக அவள் எழுந்து நின்றபோது, விரித்த துண்டு இடுப்பில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.